மருந்துக்குச் சாகாத புகையான்

பயிரில் பூச்சி விழுந்தது. மருந்து அடித்தோம். பூச்சி சாகவில்லை. மறுபடியும் அடித்தோம். அப்போதும் சாகவில்லை. மருந்து போலியோ? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ?

கூத்தாநல்லூர், லெட்சுமாங்குடி, வடபாதிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கும் நாட்களில் இந்தக் கேள்வி எழுகிறது. டெல்டா முழுவதும் எழுகிற கேள்விதான் இது.

போலி மருந்தும் உலகத்தில் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிட முடியாது. மருந்து அசல்தான், அளவும் சரிதான், அடித்த ஆளும் கைதேர்ந்தவர்தான், அப்படியும் பூச்சி சாகவில்லை என்றால், பூச்சிதான் மாறிவிட்டது என்று பொருள். அப்படி மாறுவதற்கு வானத்து உஷ்ணமும் துணை நிற்கிறது. இந்த இரண்டாவது சங்கதியை நாம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருப்பதால் பணம் போகிறது, பயிர் போகிறது, மருந்து அடிப்பவரின் உடம்பும் கெடுகிறது.

யார் இந்தப் புகையான்?

நெல்லுக்குப் பகைவர்கள் பலர். குருத்துப்பூச்சி உண்டு. இலைச்சுருட்டுப் புழு உண்டு. ஆனைக்கொம்பன் உண்டு. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு வயலையே தீய்த்துவிடக் கூடியது புகையான்தான்.

உருவத்தில் அது ஒரு அரிசி மணியிலும் சிறியது. நிறம் பழுப்பு. பயிரின் மேலே உட்காராது. அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டைப் பற்றிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் கண்ணில் படாது. பயிர் பசேலென்று இருக்கும். திடீரென்று ஒரு நாள் வயலின் நடுவில் வட்டமாகப் பயிர் மஞ்சளடித்து, பிறகு காய்ந்து, நெருப்புப் பட்டதுபோல் ஆகும். புகைந்துபோன தோற்றம். அதனால்தான் அதற்குப் புகையான் என்று பெயர்.

பெண் பூச்சி ஒன்று 100 முதல் 300 முட்டை வரை இடும். முட்டையை இலையின் மேல் வைக்காது. தண்டைச் சுற்றியுள்ள இலையுறையைக் கீறி அதற்குள் பத்திரமாக வைக்கும். மேலே அடிக்கும் மருந்து அங்கே எளிதில் போய்ச் சேராது.

பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டதா?

"தினமும் குடித்தால் உடம்பு பழகிவிடும் என்பார்களே, அதுபோல் பூச்சியும் மருந்துக்குப் பழகிவிட்டதா?" என்று பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பூச்சி தன் ஆயுளில் பழகிக்கொள்வதால் வரும் மாற்றம் இது அல்ல. சாகாமல் தப்பியவை பெற்ற பிள்ளைகளால் வரும் மாற்றம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காகச் சொல்லும் கணக்குத்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் ஒரு காகிதம் கொடுங்கள்.

ஒரு வயலில் 10,000 பூச்சிகள் இருக்கின்றன. அவற்றில் 10 பூச்சிகளுக்கு மட்டும் பிறவியிலேயே ஒரு சாமர்த்தியம் உண்டு. உடம்புக்குள் போன விஷத்தைச் சிதைத்து ஒதுக்கிவிடும். மருந்து அடிக்கிறோம். 9,990 பூச்சிகள் சாகின்றன. நமக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் 10 பூச்சிகள் பிழைத்துவிட்டன. அவற்றில் 5 பெண் பூச்சிகள். தாய்க்கு 20 பிள்ளைகள் பிழைத்தாலும் அடுத்த தலைமுறையில் 100. அதற்கடுத்து 1,000. மூன்றாவது தலைமுறையில் 10,000.

வயலில் பழையபடி 10,000 பூச்சிகள். ஆனால் இப்போது இருப்பவை எல்லாம் அந்த 10 பூச்சிகளின் வாரிசுகள். அதே மருந்தை அடித்தால் எது சாகும்?

இதைத்தான் எதிர்ப்புச் சக்தி என்கிறார்கள். பூச்சிக்கு அந்தச் சக்தியை மருந்து கொடுக்கவில்லை. அந்தச் சக்தி இல்லாத பூச்சிகளை எல்லாம் கொன்று, இருப்பவற்றுக்கு வயலைக் காலி செய்து கொடுத்தது. அதுதான் மருந்து செய்த வேலை.

பழைய கதைதான்

இது நேற்று முளைத்த தொல்லை அல்ல. 1914-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மெலாண்டர் என்ற விஞ்ஞானி இதைக் கண்டு எழுதினார். பழ மரங்களில் ஒட்டும் செதில் பூச்சிக்குச் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து அடித்தார்கள். சில தோட்டங்களில் பூச்சி சாக மறுத்தது.

பிறகு டி.டி.டி. வந்தது. அதன் பூச்சி கொல்லும் குணத்தை 1939-ம் ஆண்டில் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு கிடைப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1946-ம் ஆண்டில், ஸ்வீடன் தேசத்து ஈக்கள் டி.டி.டி.யை மதிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது.

நம் நாட்டில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல பலன் கிடைத்தது. 1965-ம் ஆண்டில் நாடு முழுவதும் மலேரியா கண்டவர்கள் சுமார் 1 லட்சம் பேர்தான். ஆனால் 1976-ம் ஆண்டில் அந்தத் தொகை 64 லட்சத்தைத் தாண்டியது. அதற்குக் காரணங்கள் பல. கொசு டி.டி.டி.க்கு அசையாமல் போனதும் அவற்றில் ஒன்று.

புகையானும் அதே வழியில்தான் போகிறது. 1990-களில் இமிடாகுளோபிரிட் என்ற மருந்து வந்தபோது, கொஞ்சம் அடித்தாலே புகையான் கொத்துக் கொத்தாய் விழுந்தது. 2003-ம் ஆண்டுக்குப் பிறகு ஆசிய நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வீரியம் குறைந்தது. நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் நெல் பகுதிகளில் பூச்சிகளைப் பிடித்துப் பரிசோதித்த ஆய்வு 2013-ம் ஆண்டில் வெளிவந்தது. துங்கபத்திரைப் பாசனத்தில் உள்ள கங்காவதியின் புகையான்தான் மருந்தை அதிகமாகத் தாங்கியது. அங்கேயும் நம் டெல்டாவைப் போலவே தண்ணீரும் நெல்லும் மருந்தும் தாராளம்.

உஷ்ணம் எங்கே வந்தது?

மனிதனுக்கு வெயிலிலும் குளிரிலும் உடம்புச் சூடு ஒன்றுதான். பூச்சிக்கு அப்படி இல்லை. அதற்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியே எவ்வளவு உஷ்ணமோ அதை ஒட்டித்தான் அதன் உடம்பும். அதனால் சீதோஷ்ணம் மாறினால் பூச்சியின் வாழ்க்கையே மாறுகிறது. மூன்று வழிகளில் இது மருந்தின் வேலையைப் பாதிக்கிறது.

முதலாவது, தலைமுறைக் கணக்கு. 25 முதல் 30 டிகிரி வரை உள்ள உஷ்ணம் புகையானுக்கு மிகவும் பிடித்தது. அந்த உஷ்ணத்தில் முட்டை, குஞ்சு, தாய் என்ற ஒரு சுற்று சுமார் 4 வாரத்தில் முடியும். 20 டிகிரிக் குளிரில் அதே சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு நாள் ஆகும். மேலே போட்ட கணக்கில் மூன்று தலைமுறையில் வயல் முழுவதும் சாகாத பூச்சியாகிவிட்டது அல்லவா? வெதுவெதுப்பான ஊரில் அந்த மூன்று தலைமுறையும் ஒரே பயிருக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது, மருந்தின் வீரியம். எல்லா மருந்தும் எல்லா உஷ்ணத்திலும் ஒரேபோல் வேலை செய்யாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள் குளிர்ந்த வேளையில் பூச்சியின் நரம்பை நன்றாகப் பிடிக்கும். உஷ்ணம் ஏற ஏறப் பிடி தளரும். டி.டி.டி.யின் குணமும் அதுதான். குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. உஷ்ணத்தில் வேகம் கூடும். உஷ்ணம் கூடும்போது பூச்சியின் உடம்புக்குள் விஷத்தைச் சிதைக்கும் வேலையும் விரைவாக நடக்கிறது. உச்சி வெயிலில் அடித்தால் மருந்து ஆவியாகவும் போகும். வெயிலில் சிதையவும் செய்யும்.

அரைகுறையாக வேலை செய்யும் மருந்து மிகவும் ஆபத்தானது. அது பலவீனமான பூச்சியைக் கொன்று, பலசாலியை மட்டும் பொறுக்கி வைக்கிறது.

மூன்றாவது, குளிர்காலம். இதைத் தனியே சொல்ல வேண்டும்.

குளிர் என்ற காவற்காரன்

ஜப்பானிலும் புகையான் உண்டு. 1732-ம் ஆண்டில் அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் தத்துப்பூச்சிகள் நெல்லை அழித்துப் பெரும் பஞ்சம் வந்தது. வயல் தண்ணீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரைத் தட்டிப் பூச்சியை அதில் விழ வைப்பது அந்தக் காலத்து ஜப்பானியர் வழக்கம். நம் பக்கத்தில் கூண்டுப் புழுவுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கயிறு இழுப்பது போலத்தான்.

ஆனால் ஜப்பானில் ஒரு அதிசயம். குளிர்காலத்தில் அங்கே புகையான் பிழைப்பதில்லை. அத்தனையும் மடிந்துவிடும். அடுத்த ஆண்டு பூச்சி எங்கிருந்து வருகிறது? 1967-ம் ஆண்டில், கரையைவிட்டு வெகுதூரத்தில் நின்ற வானிலைக் கப்பல் ஒன்றின் மேல் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து விழுந்தன. கடல் தாண்டிக் காற்றில் பறந்து வருகிறது என்பது அப்போது விளங்கிற்று. குளிர் கடுமையாக இல்லாத வட வியட்நாம், தென் சீனா ஆகிய இடங்களில் உயிர் பிழைத்து, ஜூன், ஜூலை மழைக்காற்றில் ஏறி ஜப்பான் போய்ச் சேருகிறது.

குளிர் இப்படி ஆண்டுக்கொரு தடவை சிலேட்டைத் துடைக்கிறது. அந்த ஊரில் அடித்த மருந்துக்கு எதிராகச் சக்தி பெற்ற பூச்சியும் குளிரோடு போய்விடும். குளிர் இல்லாத ஊரில் சிலேட்டைத் துடைக்க யாரும் இல்லை. போன ஆண்டு தப்பிய பூச்சியின் பிள்ளைதான் இந்த ஆண்டும் வயலில் இருக்கும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். முட்டைக்கோஸையும் காலிபிளவரையும் கெடுக்கும் வைரமுதுகுப் பூச்சி என்று ஒன்று உண்டு. சீன விஞ்ஞானிகள் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் உலகத்தின் பல இடங்களின் கணக்கை ஒப்பிட்டார்கள். குளிர்காலத்திலும் பிழைத்திருக்கும் இடங்களில் அந்தப் பூச்சியின் எதிர்ப்புச் சக்தி, பருவத்தில் மட்டும் வந்துபோகும் இடங்களைவிடச் சராசரி 158 மடங்கு அதிகமாக இருந்தது. பூமி சூடாகி வருவதால், கடந்த 50 ஆண்டுகளில் அது குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைக்கும் நிலப்பரப்பு சுமார் 24 லட்சம் சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்றும் கணக்கிட்டார்கள்.

நம் டெல்டாவின் நிலை

இப்போது நம் ஊருக்கு வருவோம். கூத்தாநல்லூரில் பனியும் உறையாது, உறைபனியும் விழாது. மார்கழியில் பெரியவர்கள் போர்வையைத் தேடுவார்கள், அவ்வளவுதான். டிசம்பர் மாதத்தில் டெல்டாவின் பகல் உஷ்ணம் 28 டிகிரியை ஒட்டியும், இரவு உஷ்ணம் 22 டிகிரியை ஒட்டியும் இருக்கும். நமக்குச் சுகமான அந்தச் சீதோஷ்ணம் புகையானுக்கும் சுகம்தான். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு, வெயில் காய்ந்து, பயிரடியில் ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

குளிர் நமக்குக் காவல் இல்லை. அப்படியானால் நமக்குக் காவல் எது? முன்பெல்லாம் கோடைத் தரிசு காவலாக இருந்தது. அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, சித்திரை வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கும். பச்சை நெல் இல்லாத இடத்தில் புகையானுக்குச் சாப்பாடு ஏது? அதற்கு நெல்லைவிட்டால் பிழைப்பு இல்லை. கடும் வெயிலும் அதற்கு ஆகாது; 34, 35 டிகிரிக்கு மேல் முட்டைகள் பல பொரிக்காமலே போகும். ஆகவே 'சூடு கூடினால் பூச்சி கூடும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. வெதுவெதுப்பு அதற்கு வரம். கொதிப்பு அதற்குச் சாபம்.

ஆனால் இன்று குறுவை, சம்பா, தாளடி என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு பயிர் நிற்கிறது. ஆழ்குழாய்க் கிணறு உள்ள இடங்களில் கோடையிலும் நெல் உண்டு. ஒரு வயலில் அறுவடை நடக்கும்போது பக்கத்து வயலில் நாற்று நடுகிறார்கள். பூச்சி வரப்பைத் தாண்டினால் போதும். கோடை வெயில்கூட அதை ஒன்றும் செய்ய முடியாதபடி, நெருங்கிய பயிரின் அடியில் நாமே நிழலும் ஈரமும் கொடுத்துக் காப்பாற்றுகிறோம்.

1901-ம் ஆண்டு முதல் 2018-ம் ஆண்டு வரை இந்தியாவின் சராசரி உஷ்ணம் சுமார் 0.7 டிகிரி கூடியது என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. 1901-ம் ஆண்டு முதல் வைத்த கணக்கில், அதற்கு முந்தைய எந்த ஆண்டையும்விட 2024-ம் ஆண்டு சூடாக இருந்தது. உஷ்ணத்தை நம் கையால் குறைக்க முடியாது. ஆனால் தரிசு விடுவதும் மருந்தை மாற்றுவதும் நம் கையில்தான் இருக்கின்றன.

காப்பவனைக் கொன்ற கதை

புகையானைத் தின்று வாழும் உயிர்கள் வயலில் ஏராளம். ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாள் முழுவதும் பயிரடியில் வேட்டையாடும். பச்சை நிறத்து மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையானின் முட்டையையே தேடிக் குடிக்கும். மருந்து அடிக்கும்போது முதலில் சாவது இவைதான். புகையானோ பயிரடியிலும், அதன் முட்டை இலையுறைக்குள்ளும் பதுங்கித் தப்பிவிடும்.

அதோடு நில்லாமல், சில மருந்துகள் புகையானைப் பெருக்கவே செய்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி எஸ். செல்லையா, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெய்ன்ரிக்ஸ் என்பவருடன் சேர்ந்து செய்த ஆய்வு 1980-ம் ஆண்டில் வெளியாயிற்று. டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்ற மருந்துகளை அடித்த பயிரில் புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகியது என்று அவர்கள் காட்டினார்கள். புகையான் கண்ட வயலில் பைரித்ராய்டு அடிக்காதீர்கள் என்று பல்கலைக்கழகம் சொல்வது இதனால்தான். சூட்டில் வீரியம் குறையும் மருந்தும் அதுதான். பூச்சியைப் பெருக்கும் மருந்தும் அதுதான். விலை மலிவு என்பதற்காக அதை வாங்கினால் நஷ்டம் இரட்டிப்பு.

இந்தோனேசியாவைப் பாருங்கள். அந்த நாடும் நம்மைப் போல் குளிர் இல்லாத நாடு. மூன்று போகமும் நெல். சர்க்கார் மானியம் கொடுத்து மருந்தை வாரி வழங்கியது. 1985, 1986-ம் ஆண்டுகளில் புகையான் கட்டுக்கு அடங்காமல் போயிற்று. 1986 நவம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ ஒரே உத்தரவில் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தார். 1989-ம் ஆண்டுக்குள் மருந்து மானியமும் நின்றது. விவசாயிகளை வயலுக்கே அழைத்துப் போய்ப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. விழவில்லை.

"அப்படியானால் பயிரை விட்டுவிடவா?"

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் வெளிநாட்டில் சம்பாதிக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் சேற்றில் இறங்கிச் சாகுபடி செய்பவரில் பலர் குத்தகைக்காரர். நகையை அடகு வைத்து நட்டவர். அவரிடம் போய், "பொறுங்கள், சிலந்தி பார்த்துக்கொள்ளும்" என்றால் அவருக்குக் கோபம் வராதா? இரண்டு வாரத்தில் தீய்ந்துபோகும் பயிரை வைத்துக்கொண்டு எப்படிப் பொறுப்பது?

மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மருந்து கடைசி ஆயுதமாக இருக்க வேண்டும். அப்போது அது கூர்மையாகவும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். தேவையில்லாத நாளில் அடித்த ஒவ்வொரு டேங்க் மருந்தும், தேவையான நாளில் அந்த ஆயுதத்தை மழுங்கடித்துவிடும். குத்தகைக்காரருக்குத்தான் இந்தச் சிக்கனம் மற்றவர்களைவிட அதிகம் தேவை. சாகாத பூச்சிக்கு மூன்று தடவை மருந்து வாங்க அவரிடம் பணம் இல்லை.

எப்போது அடிப்பது? கணக்கு இருக்கிறது. குத்தைச் சாய்த்து அடியில் பாருங்கள். தூருக்கு 1 பூச்சிக்கு மேல் இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். 20 தூர் கட்டிய குத்தில் 5 பூச்சி தென்பட்டால் அலற வேண்டியதில்லை.

வீட்டில் எல்லோரும் செய்யக்கூடியவை

நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுங்கள். காற்றும் வெயிலும் பயிரடிக்குப் போகும், புழுக்கம் குறையும். மருந்து அடிக்க நேர்ந்தாலும் ஆள் உள்ளே போகலாம்.

யூரியாவை அளந்து, பிரித்துப் போடுங்கள். அளவுக்கு மேல் போட்டால் பயிர் கருகருவென்று அழகாக இருக்கும். புகையானுக்கும் அது விருந்துதான்.

தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள். புகையான் கண்டால் முதலில் தண்ணீரை வடியுங்கள்.

இரவில் வாசல் விளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறத்துச் சிறு பூச்சிகள் திடீரென்று கூடினால், மறுநாள் காலையில் யாராவது வயலுக்குப் போய்க் குத்தைச் சாய்த்துப் பாருங்கள். இதைக் கவனிக்கப் படிப்பு வேண்டாம். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியே போதும்.

மருந்தை மாற்றி அடியுங்கள். ஆனால் டப்பாவை மாற்றினால் மட்டும் போதாது. இமிடாகுளோபிரிட்டும் தயாமீதாக்சாமும் ஒரே குலம். பெயர் வேறு, கம்பெனி வேறு, விலை வேறு. பூச்சியின் உடம்பில் செய்யும் வேலை ஒன்றுதான். ஒன்றுக்குச் சாகாத பூச்சி மற்றதையும் தாங்கக் கற்றிருக்கலாம். புப்ரோபெசின் வேறு குலம்; அது குஞ்சுகள் தோல் உரிப்பதைக் கெடுக்கும். பைமெட்ரோசின் இன்னொரு குலம். அது பூச்சியின் வாயைக் கட்டும். எந்த மருந்து எந்தக் குலம் என்று நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போன தடவை அடித்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கக் கற்றதற்கு இதைவிட நல்ல பயன் வேறு என்ன?

உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ அடியுங்கள். மேலே தூவாமல், தண்டின் அடியில் படும்படி அடியுங்கள். இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்காதீர்கள். அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். காலி டப்பாவைக் கழுவி அடுக்களைக்குக் கொண்டுபோவது கூடவே கூடாது.

எதிர்ப்புச் சக்தி பூச்சிக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். விஷத்தைச் சிதைக்கும் வேலைக்கே உடம்பைச் செலவிடும் பூச்சி, பல சமயம் குட்டி போடுவதில் பின்தங்கும். ஒரு மருந்தைச் சில போகம் நிறுத்தி வைத்தால், அதற்குச் சாகும் பூச்சிகள் மறுபடி வயலில் கூடக்கூடும். இழந்த வீரியத்தை ஓரளவு மீட்கலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் இருக்கிறது.

சர்க்காரின் கடமை

எல்லாப் பொறுப்பையும் குடியானவர் தலையில் ஏற்றுவது தர்மம் அல்ல. "தண்ணீரை வடி" என்று சொல்வது எளிது. காவிரியின் கடைமடையில் வடிகால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் எங்கே வடியும்? மழைக்கு முன் வடிகாலைத் தூர் வாருவதும் பூச்சி ஒழிப்பில் சேர்ந்த வேலைதான்.

மருந்து டப்பாவில் அதன் குல எண் கொட்டை எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும்படி, எண்ணோடு ஒரு வர்ணமும் இருந்தால் நல்லது. கடைக்காரர் ரசீதிலும் அந்த எண்ணை எழுதித் தரவேண்டும்.

ஆண்டுதோறும் சம்பாவுக்கு முன் டெல்டாவின் வட்டாரங்களில் பூச்சியைப் பிடித்து, எந்த மருந்துக்கு எவ்வளவு சாகிறது என்று பரிசோதித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். 1922-ம் ஆண்டு முதல் நெல்லுக்காகவே நடந்துவரும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஆளும் பணமும் கொடுத்தால் இது முடியாத காரியமல்ல. மழைச் செய்தி சொல்வதுபோல், "இந்த வாரம் உஷ்ணமும் ஈரமும் புகையானுக்கு ஏற்றவை, குத்தைச் சாய்த்துப் பாருங்கள்" என்று ரேடியோவிலும் கைபேசியிலும் சொல்லலாம்.

புகையானைத் தாங்கும் நெல் ரகங்களையும் பெருக்க வேண்டும். கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 என்ற நெல்லை, புகையானைத் தாங்கும் குணத்துக்காக உலகத்து விஞ்ஞானிகள் தேடிப் போனார்கள். நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மூலிகையை அயலூர்க்காரன் வந்து எடுத்துச் சொல்லும் நிலை வேண்டாம்.

வானம் சூடாகிறது. குளிர் என்ற காவற்காரன் நம் ஊருக்கு என்றும் வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. அந்தக் காவலை நாம்தான் செய்ய வேண்டும். சித்திரையில் நிலத்தைக் காயவிடுவதும், அடித்த மருந்தை நோட்டில் எழுதி வைப்பதும், சிலந்தியைக் கண்டால் கையை அடக்குவதும்தான் அந்தக் காவல். பக்கத்து வயல்காரரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரப்பு நமக்குத்தான் எல்லை, புகையானுக்கு அல்ல.